நெருப்பை நம்பிய நகரம்

அன்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் அடுத்தடுத்து இருந்த ஆறு ஊர்கள் 1910இல் ஒன்றாகி ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஆயின. ஆறுக்கும் ஒரே தொழில், பீங்கான்.

பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண் அந்த ஊரில் கிடையாது. தென்மேற்கே கார்ன்வாலிலிருந்து வரவேண்டும். ஆனால் காலடியிலேயே நிலக்கரி இருந்தது. ஒரு டன் மண்ணைச் சுட அதைப்போல் பல மடங்கு கரி வேண்டும். ஆகவே கரி இருந்த இடத்துக்கு மண் வந்தது. 1777இல் ட்ரென்ட்-மெர்சி கால்வாய் முடிந்ததும் மண் படகில் வந்தது, சாமானும் உடையாமல் படகிலேயே போனது. கால்வாய்க்கு முன்நின்ற பீங்கான் முதலாளி ஜொசையா வெட்ஜ்வுட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குச் சூளைக்குள் நின்றவர்களைப் பற்றித்தான் பேசவேண்டும்.

சூளை என்றால் பல மாடி உயரத்துக்குச் செங்கல்லில் கட்டிய ராட்சதப் புட்டி. கோப்பைகளைப் புகைபடாமல் 'சாகர்' என்ற மண்பெட்டிகளில் வைத்து, கூரைவரை அடுக்குவார்கள். நிறைந்த பெட்டி சுமார் 25 கிலோ. தலையில்தான் சுமக்கவேண்டும். பழைய காலுறைகளை உருட்டித் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்கள். ஆமாம், நம்முடைய சும்மாடேதான்! அப்புறம் இரண்டு மூன்று நாள் எரியும். முழுக்க ஆறும்வரை முதலாளிகள் பொறுக்கமாட்டார்கள். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, சூடு தணியாத சூளைக்குள் ஆட்கள் நுழைந்து பெட்டிகளை இறக்கினார்கள்.

பளபளப்புக்கு ஈயக் கலவை பூசினார்கள். அதில் நாள் முழுக்கக் கைவிட்டுத் தோய்த்தவர்களுக்கு மணிக்கட்டு செயலிழந்து தொங்கியது. உலர்ந்த மண்தூசி நுரையீரலை அரித்தது. அந்த மெல்லிய, வெள்ளைவெளேர் கோப்பையைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

ஒரு காலத்தில் 2,000க்கும் மேற்பட்ட சூளைகள் புகைந்து, பகலிலேயே ஊரை இருட்டாக்கின. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மின்சாரமும் எரிவாயுவும் கரியின் இடத்தைப் பிடித்தன. நல்லதுதான், மூச்சுவிட முடிந்தது. இன்று நாற்பத்துச் சொச்சம் புட்டிச் சூளைகளே மிச்சம். ஆறு ஊர்களில் ஒன்றான லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

சரி, தொழில் என்ன ஆனது? மலிவான வெளிநாட்டுச் சாமான் பாதியைக் கொண்டுபோனது. மீதிக்கு நெருப்பின் விலையே எமன். 2025 பிப்ரவரியில், அந்த ஆறில் இன்னொன்றான பர்ஸ்லெமின் ராயல் ஸ்டாஃபோர்ட் பீங்கான் ஆலை மூடப்பட்டது. பீங்கான் ஆலைகளின் எரிவாயுச் செலவைக் குறைக்க வழிசெய்யுங்கள் என்று முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்தே லண்டனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.