மூன்று பக்கக் கட்டுரையும் மேற்கோள் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் இயற்பியலாளர் எத்தனை ஆய்வுக்கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற கணக்கைப் பார்த்தே பணி நியமனமும் பதவி உயர்வும் இன்று பல இடங்களில் முடிவாகின்றன. அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை, அமெரிக்கக் கோட்பாட்டு இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1967 நவம்பரில் வெளியிட்ட ஒரு கட்டுரையை முன்வைத்துப் பேச விரும்புகிறேன்.

‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் மூன்றே பக்கங்களில் வந்த அக்கட்டுரை, மின்காந்த விசையையும், அணுக்கருவின் பீட்டா சிதைவுக்குக் காரணமான வலுக்குறைந்த விசையையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இதற்குத் தேவையான கணித அமைப்பை ஷெல்டன் கிளாஷோ 1961இலேயே முன்வைத்திருந்தார். அப்துஸ் சலாமும் தனி வழியில் இதே முடிவை எட்டினார். 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

அந்த ஆண்டில் இயற்பியலாளர் சிட்னி கோல்மன் எடுத்துக்காட்டிய மேற்கோள் கணக்கு வியப்பூட்டுவது. 1967, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வைன்பெர்க்கின் கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டவில்லை. 1970இல் ஒன்று, 1971இல் நான்கு; அடுத்த ஆண்டிலோ 64, அதற்கடுத்த ஆண்டில் 162. இன்று மொத்த எண்ணிக்கை பத்தாயிரத்தையும் தாண்டிவிட்டது.

தொடக்கத்தில் நிலவிய மௌனத்தை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. நிறையுள்ள விசைத்துகள்களை, அதாவது விசையைக் கடத்தும் துகள்களைக் கொண்ட கோட்பாடுகளில் நுட்பமாகக் கணக்கிடப் புகுந்தால் விடை முடிவிலியாகிப் பொருளற்றுப் போகும் என்ற அச்சம் அன்று நியாயமானதாகவே இருந்தது. தம் கோட்பாட்டில் அந்த முடிவிலிகளை நீக்க முடியுமா என்ற கேள்வியை வைன்பெர்க்கே கட்டுரையின் இறுதியில் எழுப்பியிருந்தார். விடை அவரிடமும் இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டினஸ் வெல்ட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜெரார்டு ட்ஹூஃப்ட், முடியும் என்று 1971இல் காட்டினார். அதன் பிறகே மற்றவர்கள் துணிந்து இக்கோட்பாட்டைக் கையிலெடுத்தார்கள். கோட்பாடு முன்னுரைத்த ‘நடுநிலை ஓட்டங்களை’, அதாவது துகள்களிடையே மின்னூட்டம் கைமாறாமல் நிகழும் வலுக்குறைந்த விசையின் வினைகளை, 1973இல் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் கார்கமெல் குமிழறை (துகள்களின் தடங்களைக் குமிழ்களாகக் காட்டும் கருவி) கண்டறிந்தது. வலுக்குறைந்த விசையைக் கடத்தும் டபிள்யூ, இசட் துகள்கள் 1983இல் அங்கேயே பிடிபட்டன.

ஆகவே 1972இல் திடீரென உயர்ந்த மேற்கோள் எண்ணிக்கையில் ட்ஹூஃப்ட்டின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து. 1967இல் அச்சான பக்கங்களில் ஒரு வரிகூட மாறவில்லை. அவற்றைப் பயன்படுத்தும் வழிதான் திறந்தது.

இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் எச்-குறியீடு என்ற அளவையை முன்மொழிந்தார். ஒருவரின் கட்டுரைகளில் ஐம்பது, ஒவ்வொன்றும் குறைந்தது ஐம்பது மேற்கோள்களைப் பெற்றிருந்தால் (ஐம்பத்தொன்றுக்கு அது பொருந்தாத வரை) அவருடைய குறியீடு ஐம்பது. ஹிர்ஷ் தந்த பட்டியலில் எட்வர்டு விட்டனுக்கு 110, வைன்பெர்க்குக்கு 88, ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 62. நீண்ட காலம் தொடர்ந்து உழைத்தவர்களை அடையாளம் காண இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கட்டுரை 88 மேற்கோள்களைப் பெற்றாலும் பத்தாயிரத்தைப் பெற்றாலும் ஒன்றாகவே எண்ணப்படும். துகள் இயற்பியலின் போக்கையே மாற்றிய அந்த மூன்று பக்கங்களும் வைன்பெர்க்கின் 88இல் ஒன்று மட்டுமே.

இளம் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் பெரும்பாலும் அண்மைய சில ஆண்டுகளின் மேற்கோள்களையே பார்க்கின்றன. வைன்பெர்க்கின் கட்டுரையை 1970ஆம் ஆண்டின் இறுதியில் அப்படி ஒரு குழு மதிப்பிட்டிருந்தால், அதன் கையில் இருந்திருக்கக்கூடிய எண் ஒன்று. அந்தக் குழுவில் யாரேனும் ஒருவர் கட்டுரையைப் படித்திருந்தால், அதன் கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதையாவது கண்டிருப்பார்.