பூசணியை வெட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒக்டோபர் வந்துவிட்டது. கனடாவில், நம் ஒன்ராறியோவில் மரக்கறிக் கடை வாசல் முழுக்கப் பூசணியும் செவ்வந்திச் சட்டியுமாக இருக்கிறது. நம்மவர் வீட்டுப் படிகளிலும் இப்போது அப்படித்தான். நல்லது. ஆனால் ஒரு வேண்டுகோள்: பூசணியை வெட்டாதீர்கள்.

பிள்ளைகள் விடமாட்டார்கள், தெரியும். பூசணியில் முகம் செதுக்கி விளக்கேற்றும் ஹலோவீனுக்கு ஒன்றை மட்டும் கொடுங்கள், அதுவும் 31ஆம் திகதிக்கு ஓரிரு நாள் முன்னால். முகம் செதுக்கிய காய் ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம். பூஞ்சணம் பிடித்து, பல்லுப்போன கிழவர்போல வாய் உள்ளே மடிந்துவிடும். வெட்டாத காயோ, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் இரண்டு மூன்று மாதம் இருக்கும்.

வாங்கும்போது காம்பைப் பாருங்கள். காய்ந்து, உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் இறங்கக் கூடாது. காம்பில் பிடித்துத் தூக்காதீர்கள். முறிந்தால் அந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். சீமெந்துப் படியில் நேரே வைக்காமல் அடியில் ஒரு மட்டை அட்டை போடுங்கள். கடும் உறைபனி என்று வானிலைச் செய்தி சொன்னால் அன்றிரவு உள்ளே எடுத்துவிடுங்கள். ஒருதரம் உறைந்து இளகினால் கூழ்தான்.

பெரிய காய் வேண்டும் என்று சிலர் அலைகிறார்கள். பெரிய காய் என்றால் நொவா ஸ்கோஷியாவின் விண்ட்சர் ஊரைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அங்கே ஹவார்ட் டில் என்ற விவசாயி, வருடக்கணக்காக விதை தெரிந்தெடுத்து ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்ற இனத்தை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை உலகப் போட்டியில் அவர்தான் முதலிடம். 1981இல் அவருடைய காய் 493.5 இறாத்தல்! இன்று 2,000 இறாத்தலைத் தாண்டும் காய்களுக்கும் மூல விதை அவருடையதுதான். அந்த ஊர்க்காரர் சும்மா இருப்பார்களா? 1999இல் பூசணியைக் குடைந்து, உள்ளே ஏறி உட்கார்ந்து, ஏரியில் துடுப்புப் போட்டுப் போட்டியே வைத்துவிட்டார்கள். சரி, அவர்கள் வெட்டட்டும். அவர்களுக்கு மட்டும் அனுமதி.

நமக்குச் சின்னக் காய் போதும். செதுக்குவதற்கென்று விற்கும் பெரியது நாரும் தண்ணீருமாக இருக்கும். ‘பை பம்ப்கின்’ என்று விற்கும் சின்னது சதைப்பற்றும் இனிப்பும் கொண்டது. மாதக்கணக்கில் அலங்காரமாக இருந்துவிட்டு, பிறகு தேங்காய்ப்பாலில் கறியாகும். பெயின்ட் அடித்ததை மட்டும் சட்டியில் போடாதீர்கள்.

அப்புறம், பூ. நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். செவ்வந்தியை மொட்டாக இருக்கும்போது வாங்குங்கள். முழுக்க மலர்ந்தது சீக்கிரம் முடிந்துவிடும். சட்டி மண் காயவிடாதீர்கள். வீட்டிலேயே வளர்ப்பவர்கள் அதை வாசல் விளக்குக்குக் கிட்ட வைக்க வேண்டாம்; நீண்ட இருட்டு இருந்தால்தான் மொட்டு விடும். பக்கத்தில் அலங்காரக் கோவா வையுங்கள், குளிர் கூடக்கூட அதன் நிறமும் கூடும். பூசணியின் தலையில் பாசி ஒட்டி, அதன்மேல் சதைப்பற்றுச் செடித் துண்டுகளை வைக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதற்கும் காயை வெட்டத் தேவையில்லை. அதைச் சொல்லத்தான்... சரி, முடிந்தால் இன்னொரு நாள். வணக்கம்.