எம்டனை வீழ்த்திய தந்தி

வணக்கம் நண்பர்களே. எளிதில் பிடிகொடுக்காத கெட்டிக்காரரைப் பற்றி, ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்தான் அது. பல நாட்டுக் கடற்படைகள் தேடியும் கைக்குச் சிக்காத அந்தக் கப்பல், ஒரு தந்தி அலுவலகத்திடம் சிக்கிக்கொண்டது.

கம்பளி விலை, காப்பீட்டுத் தகவல், படைக்கு ஆணை, பத்திரிகைச் செய்தி என அனைத்தும் அன்று கடலடித் தந்திக் கம்பிகளில்தான் ஓடின. அதனால்தான் முதல் உலகப் போரில் பிரிட்டன், போர் அறிவித்த சில மணி நேரத்துக்குள், ஆங்கிலக் கால்வாயில் கிடந்த ஜெர்மனியின் கம்பிகளை அறுத்தது.

எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் பதிலுக்குக் குறிவைத்தது, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுக் கூட்டத்தில் உள்ள டைரக்‌ஷன் தீவை. ஆஸ்திரேலியாவின் பெர்த், பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா), மொரீஷியஸுக்கு அப்பாலுள்ள ஆப்பிரிக்கக் கரை ஆகிய மூன்று திசைக் கம்பிகளும் அந்தச் சிறு பவளத் தீவில்தான் சந்தித்தன.

(திரையில்: மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேரும் வரைபடம்)

நவம்பர் 9 காலை. பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றுவதற்காக எம்டன் தன் மூன்று புகைபோக்கிகளுடன் நான்காவதாகப் பொய்யான ஒன்றையும் நிறுத்தியிருந்தது. அது வெறும் துணி என்பதைத் தீவின் தந்திப் பணியாளர்கள் கண்டுகொண்டார்கள். உடனே, ‘நுழைவாயிலில் அந்நியக் கப்பல்’ என்று கம்பியில்லாத் தந்தியில் அறிவித்தார்கள். எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பி மறிக்கப் பார்த்தும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்து நடந்ததை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு தீர்வதில்லை. எம்டனின் அதிகாரி ஹெல்முத் ஃபான் முக்கே தலைமையில் சுமார் 50 வீரர்கள் கரையிறங்க, எம்டனுக்கு ஜெர்மனியின் போர் வீர விருதான இரும்புச் சிலுவை கிடைத்திருப்பதாகத் தங்களுக்குத் தந்தியில் வந்திருந்த செய்தியைச் சொல்லித் தீவுக்காரர்கள் அவர்களை வாழ்த்தினார்கள்! பகைவருக்குக் கிடைத்த பரிசை அவருக்கு முன்பே அறிந்திருந்த இடம் அது என்றால், அந்தக் கம்பிகளின் வலிமையை நீங்களே எண்ணிப் பாருங்கள். கம்பியில்லாத் தந்திக் கம்பத்தை வீழ்த்தும்போது எங்கள் டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பணியாளர்கள் கேட்க, வீரர்களும் அப்படியே பக்கவாட்டில் சாய்த்தார்கள். போரின் நடுவிலும் இரு தரப்பும் காட்டிய இந்தப் பண்பு என் மனத்தை நெகிழ வைக்கிறது.

பிறகு வீரர்கள் கோடரியால் கருவிகளை நொறுக்கினார்கள். பெர்த் கம்பியையும் வெட்டினார்கள். அதற்குள், ஏறக்குறைய 50 மைல் தொலைவில் படைக்கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, தந்தி கிடைத்ததும் திரும்பி, சுமார் இரண்டு மணி நேரத்தில் தீவை எட்டியது. கரையிலிருந்த வீரர்களை விட்டுவிட்டு எம்டன் புறப்பட வேண்டியதாயிற்று. நண்பகலுக்கு முன்பே, அது சிட்னியின் குண்டுகளால் நொறுங்கிய நிலையில், அருகிலிருந்த வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறைமீது ஏறி நின்றது. 130-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முக்கேயின் ஆட்கள் துறைமுகத்தில் கிடந்த ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலில் தப்பினார்கள். அவர்கள் போனதும், முன்யோசனையுடன் ஒளித்து வைத்திருந்த மாற்றுக் கருவிகளைப் பணியாளர்கள் வெளியே எடுத்தார்கள். தீவு மீண்டும் உலகத்துடன் பேசத் தொடங்கியது.