நசீம் ஹமீத் அளவுக்கு மீறிப் புகழப்பட்டவரா?

அடுத்த கேள்வி குத்துச்சண்டையைப் பற்றியது. பிரிட்டிஷ் வீரர் ‘பிரின்ஸ்’ நசீம் ஹமீத் 2001இல் மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பரேராவிடம் தோற்ற விதத்தைப் பார்த்தால், அதற்கு முன் அவருக்கு இருந்த பெயர் வெறும் விளம்பரத்தால் வந்ததுதானா என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இல்லை என்பதே என் பதில். அவருடைய தற்காப்பை மட்டும் வைத்துக் கேட்டிருந்தால், ஆம் என்று சொல்லியிருப்பேன்.

பரேராவைச் சந்திக்கும்போது நசீம் 35 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்றிருக்கவில்லை. அவற்றில் 31ஐ எதிராளியால் தொடர முடியாதபடி முடித்திருந்தார். 57 கிலோ எடைப் பிரிவில் ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் வலு அபூர்வமானது. 1995இல் கார்டிஃபில் ஸ்டீவ் ராபின்சனை அவருடைய சொந்த ஊரிலேயே வீழ்த்திப் பட்டம் வென்ற பிறகு, டாம் ஜான்சன், வில்ஃப்ரெடோ வாஸ்கெஸ், வுயானி புங்கு போன்ற தேர்ந்த வீரர்களையும் அவர் வீழ்த்தினார். கயிற்றின் மேல் குட்டிக்கரணம் அடித்துக் களத்துக்குள் குதிக்கும் ஆர்ப்பாட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த வெற்றிகள் அப்படியே நிற்கின்றன.

ஆனாலும் ஓட்டை முன்பே தெரிந்தது. 1997 டிசம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கெவின் கெல்லி அவரை மூன்று முறை தரையில் விழவைத்தார். நான்காவது சுற்றில் நசீம் வென்றுவிட்டதால், கைகளைத் தாழ்த்தி, முகவாயை உயர்த்தி, இடுப்பை மட்டும் வளைத்துக் குத்துகளைத் தவிர்க்கும் பழக்கத்தின் ஆபத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2000இல் ஆகி சான்செஸும் அவரைத் தடுமாற வைத்தார். அன்றும் வெற்றி எல்லாவற்றையும் மூடி மறைத்தது.

இதில் பயிற்சிக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். ஷெஃபீல்டில் அவருடைய பயிற்சியாளர் பிரெண்டன் இங்கிள் தம் பயிற்சிக் கூடத்தின் தரையில் கோடுகள் வரைந்து, அவற்றின்மேல் கால் வைத்து நகரச் சொல்லிக் கொடுப்பார். ஏழு வயதிலிருந்து அங்கே வளர்ந்தவர் நசீம். அந்தக் கால்கள்தான் தாழ்த்திய கைகளுக்குக் காவலாக இருந்தன. 1998இல் இருவரும் பிரிந்த பிறகு அவர் காலூன்றி நின்று, ஒரே பெரிய குத்தை நம்பத் தொடங்கினார்.

பரேரா அதை நன்றாகப் படித்திருந்தார். பாய்ந்து தாக்கும் மெக்சிகோ வீரர் என்று பெயரெடுத்தவர், லாஸ் வேகாஸில் அன்றிரவு பொறுமையாக நின்றார். நசீமின் பலமெல்லாம் இடது கையில் இருந்ததால், அந்தக் கைக்கு எட்டாதபடி தம் இடப்பக்கமாகவே விலகிச் சுற்றினார். நசீம் எம்பி வரும்போதெல்லாம் இடது வளைகுத்தால் பதில் கொடுத்தார். பன்னிரண்டாவது சுற்றில் நசீமின் தலையைக் களத்தின் மூலைத் தூணில் மோதவைத்ததற்காக ஒரு புள்ளியை இழந்தபோதும், மூன்று நடுவர்களும் 115-112, 115-112, 116-111 என்று அவருக்கே வெற்றியளித்தனர்.

ஆகவே, நசீம் ஒன்றுமில்லாதவர் என்று சொல்வது பரேராவின் உழைப்பையும் சேர்த்தே குறைப்பதாகும். பன்னிரண்டு சுற்றும் ஓயாமல் எதிர்த்து நின்ற, பெரும் வலுவுள்ள ஒருவரைத்தான் அவர் திட்டமிட்டு வென்றார். நசீமின் தரத்தைப் பற்றி எனக்கு உண்மையில் இருக்கும் குறை வேறு: தோல்விக்குப் பின் 2002இல் ஒரே ஒரு சண்டையில் வென்றுவிட்டு, 28 வயதில் அவர் களத்தை விட்டே போய்விட்டார். பரேராவுடன் மறுமோதல் நடக்கவேயில்லை.