எஃப் கார்டு வரவில்லையா? விரலைத் திட்டாதீர்கள்

சரி, வணக்கம். இன்றைக்கு ஆறு கேள்வி எடுத்து வைத்திருந்தேன். முதல் கேள்வியிலேயே நேரம் போய்விடும் என்று நினைக்கிறேன். இரண்டு நாளாக இதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தூத்துக்குடியில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 43. மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டானாம். அவனுடைய அக்கூஸ்டிக் கிட்டார் பீரோ மேல் உறையோடு கிடந்திருக்கிறது. சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துப் பழக ஆரம்பித்திருக்கிறார். எட்டு மாதமாகிறது. ஜி, சி, டி, இ மைனர் என்று கார்டுகள், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கிற பிடிகள், எல்லாம் வருகிறதாம். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “எஃப் கார்டு மட்டும் வரவே இல்லை சார். என் விரல் குட்டை. வேறு நல்ல கிட்டார் வாங்கினால் வருமா, இல்லை இது என் கைக்கு வராத வித்தையா?”

“கைக்கு வராத வித்தை.” இந்த வார்த்தைதான் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் இதே வார்த்தையை நானும் என்னைப் பற்றி ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். ‘வந்துட்டார்யா, மறுபடியும் நட்டு’ என்று. ஆமாம், மறுபடியும் நட்டுதான். கழுத்து முடிந்து தலை ஆரம்பிக்கும் இடத்தில், ஆறு பள்ளம் வெட்டி, கம்பிகள் உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்னத் துண்டு. கிட்டார் வாங்கும்போது மரம் என்ன, பிராண்டு என்ன, பிக்கப் என்ன என்று எல்லாம் கேட்போம். இந்தத் துண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சகோதரி, உங்கள் விரலை விடுங்கள். முதலில் ஒரு சோதனை. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்குகிற அதே எஃப் வடிவத்தை, விரலை மாற்றாமல், ஐந்தாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, வீணையின் மெட்டு மாதிரி) பிடித்துப் பாருங்கள். அங்கே அது ஏ கார்டு. ஓரளவுக்கு வருகிறது, முதல் ஃபிரெட்டில்தான் வரவே மாட்டேன் என்கிறது என்றால், கை அதே கை, விரல் அதே விரல். ஐந்தாவது ஃபிரெட் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், அது உண்மைதான். ஆனால் அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அந்த நெருக்கம் காரணமில்லை. முதல் ஃபிரெட்டுக்குப் பக்கத்திலேயே நட்டு நிற்கிறது. அது கம்பியை உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் அமுக்குவது கம்பியை இல்லை, நட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ட்யூனரை வைத்து இரண்டாவது கம்பியைச் சரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சை விளக்கு வரட்டும். இப்போது முதல் ஃபிரெட்டில் அமுக்கி மீட்டுங்கள். சி ஸ்வரம் சரியாக நிற்க வேண்டும். முள் மேலே ஏறிப் போகிறதா? அமுக்கும்போது கம்பி அளவுக்கு மேல் இழுபடுகிறது என்று அர்த்தம். ‘சி கார்டு பிடித்தால் மட்டும் ஏனோ சேரவே மாட்டேன் என்கிறது, என் காதில்தான் கோளாறு’ என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்! காது சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது காகிதச் சோதனை. போன தடவை வேகமாகச் சொல்லிவிட்டேன் என்று திட்டு வாங்கினேன், இதோ நிதானமாக. ஆறாவது கம்பியை, அதாவது தடிக் கம்பியை, மூன்றாவது ஃபிரெட்டில் அமுக்குங்கள். அமுக்கியபடியே முதல் ஃபிரெட்டுக்கு மேல் கண்ணை வைத்துப் பாருங்கள். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். பிரிண்டரில் போடுகிற ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். தடிக் கம்பிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தாள். மெல்லிய கம்பிகளுக்கு ஒரு தாளே உரசிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஐந்தாறு தாளை மடித்துச் செருக முடிகிறது என்றால், உங்களுக்கு எஃப் வராததில் ஆச்சரியமே இல்லை. எனக்கும் வராது.

குறைந்த விலைக் கிட்டார்களில் இது ஏன் இவ்வளவு சகஜம் என்றால், பள்ளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இறக்குவது கைவேலை, அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டால் கம்பி இரையும், வாங்கியவர் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். உயரமாக விட்டால் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. தன் விரலைத்தான் நொந்துகொள்வார்கள்.

என் கதையும் அதுதான். முதல் கிட்டாரை ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கம்பி உயரமாக இருக்கிறது, இறக்கிக் கொடுங்கள் என்று. பெயரெல்லாம் வேண்டாம். கம்பியின் மறு கோடியில், பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற சேடில் துண்டைக் கழற்றி அடியில் தேய்த்து இறக்கிக் கொடுத்தார்கள். ஆக்‌ஷன் (பலகைக்கு மேல் கம்பி நிற்கிற உயரம்) இறங்கியது, காசும் இறங்கியது, எஃப் மட்டும் அப்படியே இருந்தது. காரணம் சின்னக் கணக்கு. சேடிலை 1 மில்லிமீட்டர் இறக்கினால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும், அது பாதித் தூரம். முதல் ஃபிரெட்டில்? ஒரு மில்லிமீட்டரில் பதினெட்டில் ஒரு பங்கு! அதாவது ஒரு தாள் கனம்கூட இல்லை. சேடில் அந்தக் கோடியில், நோய் இந்தக் கோடியில். கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய இருப்பது, நட்டின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பதினெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

வேறு கிட்டார் வாங்கலாமா என்று கேட்டீர்கள். கை சின்னது, ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரைக்கும் உள்ள கம்பி நீளம்) குறைவான கிட்டார் வாங்குங்கள் என்று யாராவது சொல்வார்கள். ஃபெண்டர் வகை ஸ்கேல் 25.5 அங்குலம், கிப்ஸன் வகை ஏறக்குறைய 24.75. முதல் ஃபிரெட்டின் அகலத்தில் இதனால் கிடைக்கிற லாபம் சுமார் 1 மில்லிமீட்டர். அதற்காக இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுப்பதா? அதற்கு முன்னால் தடிமனான 12 கேஜ் கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய 10 கேஜ் போடுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். கட்டை விரலால் பின்னாலிருந்து நசுக்காமல், கையின் கனத்தால் பின்னோக்கி இழுங்கள். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல், எலும்பு இருக்கிற பக்கவாட்டைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். இவ்வளவுதான் விரல் சமாச்சாரம். பாக்கி எல்லாம் நட்டு.

நட்டை இறக்குவது எப்படி? கம்பியைத் தளர்த்தி, பள்ளத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு ராவ வேண்டும். இதற்கென்றே கம்பிக் கனத்துக்குத் தகுந்த அரங்கள் விற்கிறார்கள், விலை கொஞ்சம் கசக்கும். நான் ஆரம்பித்தது வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கிற, கேஸ் நாசில் அடைப்பைக் குத்துகிற கம்பி செட்டில்தான். ராவும்போது தலைப் பக்கம் சரிவாக இறங்க வேண்டும். கம்பி நட்டை விட்டுக் கிளம்புகிற கடைசி விளிம்புதான் பள்ளத்தின் உச்சியாக இருக்க வேண்டும். மாற்றிச் சரித்துவிட்டால் தம்பூராவில் நூல் வைத்து வேண்டுமென்றே வரவழைக்கிற ரீங்காரம் உங்கள் கிட்டாரில் கேட்காமலேயே வரும். இரண்டு ராவு, கம்பியைப் போட்டு ஒரு பார்வை. மறுபடி இரண்டு ராவு, ஒரு பார்வை. பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். அப்படியும் ஆழமாகிவிட்டால் பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விடுங்கள், கல்லாக இறுகும், திரும்ப வெட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துவிடுங்கள். ட்யூன் பண்ணும்போது ‘டிங்’ என்று குதிக்கிற கம்பி வழுக்கிக்கொண்டு போகும்.

பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு மாட்டெலும்பில் நட்டு செய்தால் இன்னும் நல்லது. எலும்பை ராவினால் ஒரு வாசனை வரும் பாருங்கள், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது வருமே, அச்சாக அதே வாசனை. எங்கள் வீட்டில் அந்த வேலை மொட்டை மாடிக்கு நாடு கடத்தப்பட்டது.

இந்த இடத்தில் உங்களில் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். ‘நட்டு இவ்வளவு தொல்லை என்றால், நட்டே இல்லாமல் செய்ய முடியாதா?’ முடியும்! நட்டுக்கு முன்னால் இன்னொரு ஃபிரெட்டை அடித்துவிட்டால் போதும். ஜீரோ ஃபிரெட் என்பார்கள். கம்பி அதன் மேல் உட்காரும், மற்ற ஃபிரெட்டுகளின் உயரமே அதற்கும். நட்டு வெறுமனே கம்பிகளை இடம் விலகாமல் வைத்திருக்கும்.

இதை ஒரு பள்ளிக்கூடப் பையன் செய்தான். 1963 ஆகஸ்ட், இங்கிலாந்து. பையனுக்கு 16 வயது, ஃபெண்டர் வாங்கக் காசில்லை. அப்பாவுக்கு மின்னணு வேலை தெரியும். இரண்டு பேரும் வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்ய உட்கார்ந்தார்கள். கழுத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மகோகனி மரம். அதில் பூச்சி துளைத்த ஓட்டைகள். தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரம். விரல் பலகையில் இருக்கிற புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஸ்வரத்தை ஏற்றி இறக்கி ஆட்டுகிற ட்ரெமோலோ கைப்பிடிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கம்பி உரசாமல் உருள பிரிட்ஜில் கையால் செய்த சின்ன உருளைகள். ஏறக்குறைய இரண்டு வருட வேலை, செலவு சுமார் 8 பவுண்டு. அந்தப் பையன்தான் குவீன் இசைக்குழுவின் பிரையன் மே. ஊரில் இருக்கிற எந்தக் கிட்டாரும் அவருக்குக் கிடைக்கும், ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் அதுதான் அவருடைய முதன்மைக் கிட்டார். கம்பியை மீட்டுகிற பிக்குக்குப் பதில் ஒரு ஆறு பென்னி நாணயம். நடுவில் விட்ட வானியற்பியல் ஆராய்ச்சியை முடித்து 2007-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அது வேறு கதை, அதற்குள் போனால் நான் திரும்ப மாட்டேன்.

இதைப் படித்துவிட்டுத்தான் நானும் ஒரு கழுத்து செய்யக் கிளம்பினேன். விரல் பலகைக்கு ஒரு பழைய கட்டிலின் ஈட்டிக் கட்டை கிடைத்தது. தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான் இந்தியன் ரோஸ்வுட். பிரேசில் மரத்தையே நம்பியிருந்த மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969-ல் நம் ஊர் ஈட்டிக்குத்தான் மாறியது. ஃபிரெட் எங்கெங்கே வர வேண்டும் என்று ஒரு பழைய கணக்கைப் பிடித்தேன். நட்டிலிருந்து மொத்த நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு முதல் ஃபிரெட், மீதியில் பதினெட்டில் ஒரு பங்கு அடுத்தது, இப்படியே. கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி 1581-லேயே லூட் வாத்தியத்துக்குச் சொன்ன கணக்கு. நம்பி அறுத்தேன். 648 மில்லிமீட்டர் ஸ்கேலில் பன்னிரண்டாவது ஃபிரெட் சரியாக 324-ல் விழ வேண்டும். எனக்கு இரண்டே கால் மில்லிமீட்டருக்கு மேல் நட்டுப் பக்கம் தள்ளி விழுந்தது. வகுக்க வேண்டியது 18 இல்லை, 17.817. அந்தச் சின்னப் பின்னம் பன்னிரண்டு தடவை சேர்ந்து என் கட்டில் மரத்தைத் தின்றுவிட்டது.

பக்கத்து வீட்டில் வீணை வாசிக்கிற ஒரு பாட்டி இருந்தார். கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மெழுகை இளக்கி மெட்டை நகர்த்த வேண்டியதுதானே?” என்றார். வீணையில் 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கும், காதால் கேட்டு நகர்த்தி வைப்பார்கள். இது வாளால் அறுத்த பள்ளம் பாட்டி, நகராது என்றேன். “அப்போ அறுக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்” என்றார்.

அந்தக் கழுத்தை இதோ, பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதிலும் நட்டு மட்டும் அருமையாக வந்திருக்கிறது.

சகோதரி, காகிதச் சோதனையைச் செய்துவிட்டு எத்தனை தாள் நுழைந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் விடுதிக்கு ஒரு போன் போட்டு மகனிடம் சொல்லிவிடுங்கள், அவன் கிட்டார் அது. அடுத்த கேள்வி, எலெக்ட்ரிக் கிட்டாரில் வருகிற ஹம்பக்கர் என்கிற பிக்கப்பில் இரைச்சல் ஏன் வருவதில்லை என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.