எல்லைக்கு இந்தப் பக்கம் வங்கி, அந்தப் பக்கம் சந்தை

[திரையில்: ஜெர்மனி, நெதர்லாந்து வரைபடம்]

தொழிலுக்கு வேண்டிய பணம் ஜெர்மனியில் எங்கிருந்து வருகிறது, பக்கத்து நெதர்லாந்தில் எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியில் இயந்திர உதிரிகள் செய்யும் ஒரு குடும்ப நிறுவனம். புதுப் பட்டறை கட்டப் பணம் வேண்டும். முதலாளி பங்குச் சந்தைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். நேராகத் தன் ‘ஹவுஸ்பாங்க்’குக்குப் போவார். பல வருடப் பழக்கமுள்ள வங்கி அது. பெரும்பாலும் ஊர்ச் சேமிப்பு வங்கியான ஸ்பார்காஸே, இல்லையென்றால் ஒரு கூட்டுறவு வங்கி. நிறுவனத்தின் வரவு செலவு அவர்களுக்கு அத்துப்படி. ஒரு வருடம் ஆர்டர் குறைந்தால் தவணையைத் தள்ளிக்கூடப் போடுவார்கள்.

ஆனால் அடமானம் வைக்க எதுவும் இல்லாமல், வெறும் யோசனையோடு வருபவர்? அவர் தோற்றால் வங்கிக்கு அசலே போய்விடும். ஜெயித்தாலும் வட்டி மட்டும்தான். பங்கு வாங்குபவரின் கணக்கே வேறு. பத்தில் ஒன்று பெரிதாக வந்தால் அவருக்குப் போதும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மருந்து நிறுவனம் பயோன்டெக் 2019-ல் பங்கு வெளியிட நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது.

ஜெர்மனி முயலாமல் இல்லை. புதிய நிறுவனங்களுக்கென்றே 1997-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ‘நொயர் மார்க்ட்’ சந்தையைத் தொடங்கினார்கள். இணைய நிறுவனப் பங்குகள் விழுந்த டாட்காம் சரிவு வந்தது, சிறு முதலீட்டாளர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள், 2003-ல் மூடியாயிற்று.

[திரையில்: ஏஎஸ்எம்எல் இயந்திரம்]

சரி, பக்கத்து நெதர்லாந்து? சிப் அச்சிடும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் 1995-லேயே பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. அதற்கு ஒளியியல் பாகங்கள் தருவது ஜெர்மனியின் ஜெய்ஸ், ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம். அடுத்த தலைமுறை இயந்திரத்துக்கான ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. 2016-ல் ஏஎஸ்எம்எல்லே முன்வந்து, 100 கோடி யூரோவுக்கு ஜெய்ஸின் சிப் இயந்திர ஒளியியல் பிரிவில் 24.9% பங்கை வாங்குவதாக அறிவித்தது. வங்கியை நம்பும் ஜெர்மனி, சந்தையை நம்பும் நெதர்லாந்து என்ற இரண்டு அமைப்புகளின் வித்தியாசமும் இந்த ஒரு பேரத்திலேயே தெரிகிறது.

ஏன் இப்படி? 1602-லேயே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆம்ஸ்டர்டாமில் பங்கு விற்ற கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது ஓய்வூதியம். ஜெர்மனியில் 1957 சீர்திருத்தத்திலிருந்து, இன்று உழைப்பவர் கட்டும் பணம் இன்றைய முதியவர்களுக்கே போகிறது. பெரிதாக எதுவும் சேர்வதில்லை. நெதர்லாந்தில் அரசு ஓய்வூதியம் போக, வேலை செய்யும் துறைகளின் ஓய்வூதிய நிதிகளிலும் பணம் சேர்கிறது. அந்தக் குவியல் நாட்டின் ஒரு வருட ஜிடிபியைவிடப் பெரியது. அவ்வளவையும் டெபாசிட்டில் போட முடியுமா? பங்கும் கடன் பத்திரமும்தான் வழி.

அதிலும் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போய்விடுகிறது. அப்புறம், நெதர்லாந்தின் சிறு தொழில்காரர் கடனுக்கு இன்றும் ராபோபாங்க், ஐஎன்ஜி போன்ற வங்கிகளின் படியைத்தான் ஏறுகிறார்.