எம்விபி ஓட்டுரிமையை ஆட்டக்காரங்க கையில கொடுங்க

தலைமை தாங்குற சங்கத் தலைவர் ஐயா அவர்களே, இந்த ஜிம்மை நமக்காக பேசி வாங்கிக் கொடுத்த டாக்டரம்மா அவர்களே, கோப்பைக்கு செலவு பண்ண மளிகைக்கடை அண்ணாச்சி, பசங்களுக்கு கோச்சிங் கொடுக்குற ரெண்டு தம்பிங்க, சனிக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு பிள்ளைங்கள கூட்டிட்டு வர்ற பெத்தவங்க, எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டுப் போயிருந்தா மன்னிக்கணும்.

மூணு விஷயம் பேசணும். அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல, சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கு கொடுக்குற எம்விபி விருதை எப்ப முடிவு பண்றது, யார் முடிவு பண்றது, 65 மேட்ச் ஆடினாதான் விருதுன்னு 2023-24 சீசன்ல கொண்டு வந்த ரூல் சரியா.

நம்ம ஹூஸ்டன்ல 1995 மே மாசம் இருந்தவங்க கை தூக்குங்க பாப்போம். நான் அப்போ ஹில்கிராஃப்ட் பக்கம் நாலு பேரோட ஒரே அபார்ட்மென்ட்ல இருந்தேன், சின்ன டிவி, ஆன்டெனாவை ஒருத்தன் பிடிச்சிட்டே நிக்கணும். அந்த வருஷம் சான் அன்டோனியோ டீம் 62 மேட்ச் ஜெயிச்சு முதல் இடம், நம்ம ஹூஸ்டன் டீம் ராக்கெட்ஸ் வெறும் 47, ஆறாவது இடத்துல தொத்திக்கிட்டு வந்தவங்க. எம்விபி சான் அன்டோனியோவோட டேவிட் ராபின்சனுக்கு. சரி, நல்ல ஆட்டக்காரர், கொடுக்கட்டும். ஆனா எப்ப கொடுத்தாங்க தெரியுமா, ரெண்டு டீமும் மோதுற செமி ஃபைனல்ல, ரெண்டாவது மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, நம்ம ராக்கெட்ஸ் ஹக்கீம் ஒலாஜுவான் கண்ணு முன்னாடியே கொண்டு வந்து கொடுத்தாங்க! அவரு முந்தின வருஷ எம்விபி. எங்க ரூம்ல ஒருத்தன் மூச்சு விடல. அப்புறம் மனுஷன் ஆடினாரு பாருங்க, ஷாட் அடிக்கிற மாதிரி காட்டுறாரு, ராபின்சன் காத்துல, இவரு அந்தக் கைக்கு அடியில புகுந்து பந்தை போட்டுட்டு திரும்பி ஓடுறாரு. ஆன்டெனா பிடிச்சவன் அதை விட்டுட்டு குதிச்சதுல படமே போச்சு, சத்தத்தை வெச்சுதான் மிச்சத்தை கேட்டோம். அன்னைக்கு 41 பாயின்ட். சீரிஸ் 4-2, அடுத்து ஃபைனல்ல ஆர்லாண்டோவை 4-0.

பாம்பின் கால் பாம்பறியும்னு எங்க தாத்தா எதுக்கெடுத்தாலும் சொல்லுவாரு. அதான் என் வழக்கே. 1980 வரைக்கும் எம்விபிய தேர்ந்தெடுத்தது ஆட்டக்காரங்கதான், அதுக்கப்புறம்தான் பத்திரிகை, டிவிக்காரங்க கைக்கு போச்சு. 1962-ல வில்ட் சேம்பர்லின் சராசரி 50.4 பாயின்ட், ஆஸ்கர் ராபர்ட்சன் சீசன் முழுக்க சராசரியே ட்ரிபிள் டபுள், அதாவது பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூணுலயும் பத்துக்கு மேல, ஆனா ஆட்டக்காரங்க ஓட்டு போட்டது பில் ரஸ்ஸலுக்கு. அவருக்கு எதிரா பந்தை எடுத்துட்டு ரிங் பக்கம் போனவங்களுக்குத்தான் அந்த பயம் தெரியும், பேப்பர்ல இருக்குற நம்பருக்கு தெரியாது. பாம்பின் கால் பாம்பறியும்.

இன்னைக்கு 100 மீடியாக்காரங்க ஓட்டு போடுறாங்க. எம்விபி, சீசனோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியலான ஆல் என்பிஏ டீம், இந்த மாதிரி விருதுல பேர் வந்தாதான் சில பேருக்கு சூப்பர்மேக்ஸ்னு சொல்ற ரொம்பப் பெரிய சம்பள கான்ட்ராக்ட்டுக்கே தகுதி. கோடிக்கணக்கான டாலர், அதை ஏன் பேனா பிடிச்சவங்க தலையில கட்டணும்? ஆட்டக்காரங்க நண்பனுக்கு போட்டுருவாங்கன்னு சொல்றீங்க, சொந்த டீமுக்கு போடக்கூடாதுன்னு ஒரு வரி எழுதிட்டா போச்சு. நட்சத்திர ஆட்டக்காரங்க ஆடுற ஆல் ஸ்டார் மேட்ச்ல முதல்ல இறங்குறவங்களை தேர்ந்தெடுக்க இப்பவே ஆட்டக்காரங்க ஓட்டை கால் பங்கா எண்ணுறாங்கல்ல.

எப்பங்கிறதுக்கு வர்றேன். சீசனோட 82 மேட்ச் முடிஞ்ச அன்னைக்கே ஓட்டு, பிளே-ஆஃப்ல கடைசி இடங்களுக்கு மோதுற பிளே-இன் நடக்குற வாரத்துலயே அறிவிப்பு, முடிஞ்சது. 2017-ல இருந்து மூணு வருஷம் ஃபைனலும் முடிஞ்சு ஜூன் கடைசில விழா வெச்சாங்க, பிரியாணி சாப்ட்டு கை கழுவினவனுக்கு அப்பளம் கொண்டு வந்து வெச்ச கதை. 2007-ல டிர்க் நோவிட்ஸ்கியோட டல்லாஸ் டீம் 67 மேட்ச் ஜெயிச்சும் எட்டாவது இடத்து வாரியர்ஸ்கிட்ட முதல் ரவுண்டுலயே தோத்தது, அதுக்கப்புறம் அவர் கையில எம்விபி கோப்பைய கொடுத்தாங்க. அந்த முகத்தை நான் மறக்கல.

65 மேட்ச் விஷயத்துக்கு நேரம் இல்ல, டாக்டரம்மா வாட்ச் பாக்குறாங்க. ஆட்டக்காரங்களுக்கு ஓட்டு திரும்ப வேணும்னு லீக்குக்கு ஒரு மனு எழுதி காபி மேஜையில வெச்சிருக்கேன், பேனாவும் கட்டி வெச்சிருக்கேன். இந்த கோர்ட்ல ஆடுற பசங்க முதல்ல கையெழுத்து போடட்டும், பெரியவங்க அப்புறம் வாங்க.